கரை தொடாத ஏழு நிமிடங்கள்

மச்சான்,

ஒலிப்பதிவுக் கருவியின் பற்றரி மூடியைத் திறந்தால் இன்னும் மண்ணெண்ணெய் மணக்கிறது. அன்று பற்றரி போட்டுத் தந்த உன் கை மணம். இன்று வெள்ளிக்கிழமை. காலையில் நம்முடைய பாட்டு வெளிவந்துவிட்டது. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டு எலெக்ட்ரோனிக் இசை அல்பங்கள் புதிதாக வருவதும் வெள்ளியில்தானே. நான் இணையத்திலிருந்து இறக்கி வைப்பேன். ஞாயிறு நீ கடலுக்குப் போவதில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து, என் வீட்டுக் கதிரையில் சாய்ந்து ஒன்று விடாமல் கேட்பாய். ஒருநாள் சிரித்தாய்: "உவங்கட மிசினெல்லாம் எங்க போகுதெண்டே தெரியேல்ல. என்ர எஞ்சின் வீட்ட வரும். அதைப் போடு, பாப்பம்."

அப்படித்தான் நம் ஊர்க் கீரிக் கடற்கரையில் கருவியோடு நின்றேன். நீ தூரத்திலிருந்து வந்தாய். நாலு துடிப்புக்கு ஒருமுறை இருமும் உன் கிழட்டு எஞ்சின் தானாகவே தாளம் போட்டது. ஏழு நிமிடம். அதற்குள் நீ ஒரு பெரிய பாரை மீனைத் தூக்கிக் காட்ட, நான் சந்தோசத்தில் கருவியை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குள் ஓடிவந்தேன். வள்ளம் கரை தொட்டதும் எஞ்சின் அடங்கியதும் பதிவாகவில்லை.

"விசரா, நிக்கிற சத்தம்தானே முக்கியம்! சரி விடு, நாளைக்கு எடுப்பம்."

மறுநாள் போன நீ வரவில்லை. வள்ளமும் வரவில்லை.

நான்கு வருடம் அந்தப் பதிவைத் திறக்கவே பயந்தேன். போன மாதம்தான் துணிந்து பாட்டாக்கி, ஒரு பின்னேரம் ஸ்பீக்கரில் பெரிதாகப் போட்டேன். யாருடைய வள்ளம் வருகிறது என்று எஞ்சின் சத்தத்தை வைத்தே நம் ஊர்ப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். அதை எப்படித்தான் மறந்தேனோ! பக்கத்து வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த உன் மனைவி, ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே கரைக்கு ஓடினாள். நான் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் தண்ணீரில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் என் வீட்டு ஸ்பீக்கரிலிருந்து நீ வந்துகொண்டிருந்தாய்.

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. "அழிச்சுப்போடுறன் தங்கச்சி" என்றேன். அவள் என்னோடு திரும்பி வந்தாள். உன் கதிரையில் அமர்ந்து முதலிலிருந்து போடச் சொன்னாள். கடைசிவரை கேட்டாள்.

"நிக்கிற சத்தம் இல்லையோ அண்ணை?"

"இல்லை. நான்தான் எடுக்காம விட்டனான்."

"அப்ப அழிக்காதேங்கோ. வெளியில விடுங்கோ. இன்னும் வந்துகொண்டுதானே இருக்கிறார்."

பாட்டு அறுந்தாற்போல் நிற்கிறது, ஒரு முடிவு வையுங்கள் என்று வெளியிடுகிறவர்கள் எழுதினார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். வேறொரு எஞ்சினை ஒட்டினால் உலகத்துக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

இன்று எந்தெந்த ஊரிலோ யார் யாரோ உன் எஞ்சினைக் கேட்கிறார்கள். நான் பின்னேரங்களில் கருவியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போகிறேன். புதுப் பற்றரி போட்டிருக்கிறேன் மச்சான். இந்த முறை நிறுத்தமாட்டேன்.