இடது பக்கம் பார்த்த காமிரா

மே 29, வியாழன்

காலையிலேர்ந்து மழை. துணி காயலை. ஈர பேன்ட்டோடயே ஆபீஸ்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலேர்ந்து வசந்தா போன். வலது கண்ணு போனது போனதுதானாம். இப்ப இடது கண்ணுக்குள்ளயும் ரத்தம் கசியுதாம். எல்லாம் இந்தப் பாழாப்போன சுகர். வர்ற வியாழன் ஆபரேஷன். "அப்புறம் பார்வை இருக்கும்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டர்"ன்னு, என்னமோ கடையில பால் தீர்ந்துபோச்சுங்குற மாதிரி சொல்றா.

"அதுக்கு முன்னாடி வண்டூர் ரோட்டை ஒரு தடவை பார்த்துரணும்ங்க. வீடியோ எடுத்து அனுப்புங்க."

வண்டூர் அவ பிறந்த ஊரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஞாயித்துக்கிழமையானா பத்துபஸ்தியில எங்க வீட்டுலேர்ந்து என் பைக்குலதான் அவ அம்மா வீட்டுக்கு.

நான் அங்க இருக்கணும். லீவெல்லாம் முதல் கண்ணுக்கே தீர்ந்துபோச்சு. அவ தம்பி சேகர் கூட இருக்கான். அதுவரைக்கும் பரவாயில்லை.

மே 31, சனி

ஒத்தைக் கையில போனைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டினா வழியில கராச்சர்மா தாண்டுறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துருவேன். பைக்குல போன் மாட்டுற ஸ்டாண்டு இருக்கான்னு கடையில கேட்டேன். "மெயின்லேண்ட்லேர்ந்து வரணும்." இந்தத் தீவுல எது கேட்டாலும் இதே பாட்டு.

நானே செய்யுறேன். பிவிசி பைப்புத் துண்டு. ஹோஸ் கிளாம்ப். பழைய சைக்கிள் டியூப். நட்டு, போல்ட். ஆட்டம் தெரியாம இருக்க அடியில வைக்க ரப்பர் செருப்பு.

வாசல்ல வசந்தா செருப்பு கிடந்துச்சு. கத்தியை வச்சேன், மனசு வரலை. என்னோடதை வெட்டினேன்.

ஜூன் 1, ஞாயிறு

தூறல். ஹேண்டில்பார்ல மாட்டிக் கிளம்பினேன். ஏர்போர்ட் சுவர் தாண்டலை, போன் தலையைத் தொங்கப்போட்டுருச்சு. படம் முழுக்க முன் டயர். வெல்டிங் கடை பிப்லப்தா பார்த்துச் சிரிக்கிறார்: "ஹில் ரஹா ஹை பாய், பஹுத் ஹில் ரஹா ஹை!" ஆடுதுன்னு எனக்கும்தான் தெரியுது. இரும்புப் பட்டை ஒண்ணு வெல்டு வச்சுக் கொடுத்தார், நல்ல மனுஷன்.

மத்தியானம் வண்டூர் வரைக்கும் போய் வந்தேன். ஓரளவு ஆடாம வந்திருந்துச்சு. அனுப்பிட்டு, பெரிய இஞ்சினியர் கணக்கா டீ போட்டுக் குடிச்சேன்.

சாயங்காலம் போன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எந்த ரோடுங்க?"

"வண்டூர் ரோடுடி."

"நான் இதைப் பார்த்ததே இல்லையே! சேலையைக் கட்டிக்கிட்டு ஒரு பக்கமா உட்கார்ந்து வர்றவளுக்கு முன்னாடி வர்றது எங்க தெரியும்? எனக்குத் தெரிஞ்ச ரோடு இடது பக்கம்தான்."

அட மடையா. இத்தனை வருஷமும் என் பின்னாடிதானே இருந்தா. இது ஏன் எனக்குத் தோணலை?

ஜூன் 2, திங்கள்

மழை. எல்லாத்தையும் கழட்டிப் பின்சீட்டுக்கு மாத்தினேன். சீட்டுக்குப் பின்னாடி இருக்குற கம்பியில பைப்பை நட்டமா நிறுத்தி, போனை இடது பக்கமாத் திருப்பி. எவ்வளவு உயரம்? அவ முகம் இருக்குற உயரம். என் தோளுக்கு ஒரு சாண் கீழயா, ஒன்றரைச் சாணா? பீரோ கண்ணாடி முன்னாடி நின்னு கையை வச்சு வச்சுப் பார்த்தேன். சரியாத் தெரியலை. வெட்கமா இருந்துச்சு.

பிப்லப்தா கேட்டார்: "பீச்சே கௌன் பைட்டேகா?" பைப்பு நிக்கிற இடத்துல பின்னாடி யாரு உட்காருவாங்கன்னு. போல்ட்டை முறுக்கிக்கிட்டே இருந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

மழை விட்டுச்சு. ஆபீஸ்ல அரைநாள் பர்மிஷன் சொல்லிட்டு வந்தேன். மெதுவாத்தான் ஓட்டினேன். பள்ளம் வந்தா நிறுத்தி இறங்கித் தள்ளினேன்.

வீட்டுல வந்து பார்த்தா எல்லாம் மசமச. பச்சை, சாம்பல், அவ்வளவுதான். போனுக்குள்ள வண்டு மாதிரி ஒரு சத்தம். ரிப்பேர் கடை சேட்டன் காதுல வச்சுக் கேட்டுட்டு, "பைக்குல கட்டி ஓட்டினீங்களா? அதிர்வுல லென்ஸ் போச்சு. எல்லாரும் செய்யுற தப்புதான்"ன்னார். புது லென்ஸ் மெயின்லேண்ட்லேர்ந்து வரணுமாம். வாயில வந்ததை இங்க எழுத முடியாது.

இன்னும் ஒரு நாள் இருக்கு.

ஜூன் 4, புதன்

பிப்லப்தா தன் போனைக் கொடுத்தார். போனா போகட்டும்னார். மாட்டி இறுக்கிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்றேன், சேகர் போன்.

"மச்சான், கசிவு ஜாஸ்தியாயிருச்சு. நாளைக்கு வரைக்கும் வேணாம்னு இப்பவே உள்ள கொண்டுபோயிட்டாங்க. வீடியோ வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே போச்சு அக்கா."

இஞ்சின் ஓடிக்கிட்டே வண்டி நின்ன இடத்துலயே நின்னுச்சு. அப்புறம் அணைச்சேன்.

ஜூன் 7, சனி

கட்டு அவிழ்த்துட்டாங்க. ஒண்ணும் தெரியலையாம். லைட்டு போட்டது அணைச்சதுகூட. இதுக்கு மேல செய்யறதுக்கு இல்லைன்னுட்டாராம் டாக்டர்.

சோறு வச்சேன். சாப்பிடலை. அழுதேன், யாரு பார்க்கப்போறா.

ஜூன் 8, ஞாயிறு

நல்ல வெயில். இன்னிக்குப் போய் அடிக்குது.

வசந்தா பேசினா. குரல் எப்பவும் போலத்தான். "வீடியோவெல்லாம் வேணாம். நீங்க வாயால சொல்லுங்க. பத்துபஸ்தியிலேர்ந்து கிளம்புங்க. இடது பக்கம் மட்டும்."

ஏர்போர்ட் சுவர்னேன். கராச்சர்மான்னேன். அங்க இடது பக்கம் என்ன இருக்கு? தெரியலை. ஸ்பீட் பிரேக்கர் எங்க, பள்ளம் எங்க, எல்லாம் தெரியும். இடது பக்கம் நான் பார்த்ததே இல்லை. எடுத்த வீடியோவுலயும் மசமச.

அவளே சொல்ல ஆரம்பிச்சா. தகரக் கதவு போட்ட தையல் கடை. சிமெண்டு மூட்டை மேல படுத்திருக்குற செவலை நாய். சிப்பிகாட்ல சுனாமிக்கு உள்ள வந்து இன்னும் போகாத தண்ணி, அதுல மொட்டைத் தென்னை. மங்களுட்டான்ல, வாசல்ல எப்பவும் மஞ்சள் துண்டு காயுற வீடு.

"அப்புறம் என்னங்க வரும்? மறந்துபோச்சே."

"ரோடு வலது பக்கம் வளையும்"னேன்.

"அது தெரியும். நீங்க சாய்வீங்க. நானும் சாய்வேன்."

அதுக்கப்புறம் வண்டூர் வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியலை.