மயில்கழுத்துக் கறை

ஜூன் 3, திங்கள்

குட்டி மறுபடி லேட். பெயின்ட் கலக்கும் மெஷின் அவள் கையில்தான்; அவள் வராமல் என் கடையில் ஒரு டப்பா நகராது. கத்திவிட்டேன். ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு வந்தாளாம்.

"பின்னாடி ஒருத்தன் நிக்கிறான்க்கா. தினமும். இடம் காலியா இருந்தாலும் என்னை ஒட்டியே."

கண்டக்டரிடம் சொன்னால், "ஆளைக் காட்டும்மா, இறக்கி விடறேன்" என்கிறாராம். திரும்பினால் எல்லா முகமும் பச்சைப்பிள்ளை முகம். யாரைக் காட்டுவாள்?

"முன்வாசல்ல ஏறு. பையை முதுகுல மாட்டு. நாங்கல்லாம் இதைத் தாண்டித்தான் வந்தோம்" என்றேன். டப்பாவைச் சுமந்து தெருத்தெருவாக விற்ற காலத்தில் எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். அப்போது கேட்கவே பிடிக்கவில்லை.

ஜூன் 6

பெண் கில்லாடி! காலி நகப்பூச்சு பாட்டிலில் எனாமல் பெயின்ட் நிரப்பி வைத்திருக்கிறாள். மயில்கழுத்து நிறம். எந்த ஷேட் கார்டிலும் கிடையாது, அவளே கண்டுபிடித்த கலவை.

"கை நீளட்டும்க்கா, பூசி அனுப்பறேன். அப்புறம் ஆளைக் காட்டறேன் கண்டக்டருக்கு."

"பில் போட்டுடு அவனுக்கு" என்றேன். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஜூன் 7

மழை. வியாபாரம் மந்தம்.

ஜூன் 11

எழுதவே கை வரவில்லை.

காலையில் மூச்சிரைக்க வந்தாள். பூசிவிட்டாள், சட்டைக் கை நுனியில். ஆனால் நிறுத்தத்தில் கூட்டத்தோடு நழுவிவிட்டான். முகம் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கட்டட கம்பெனிக்குப் பெயின்ட் எடுப்பவன் வந்தான். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். என் வியாபாரத்தில் பாதி அவன் ஆர்டர். வண்டி ரிப்பேர், கொஞ்ச நாளாக பஸ்.

"அக்கா, கொஞ்சம் தின்னர் குடுங்க. பஸ்ல எவனோ பெயின்ட்டைத் தடவிட்டான்."

கையை நீட்டினான். மயில்கழுத்து.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்ன செய்தேன்? துணியைத் தின்னரில் நனைத்து, அவன் கையைப் பிடித்து, நானே துடைத்தேன். "நல்ல சட்டை போச்சேப்பா" வேறு! பாதி வியாபாரம் கண் முன்னால் நின்றது. குட்டி நிற்கவில்லை.

நிமிர்ந்தால், மெஷின் பக்கத்தில் அவள்.

அவன் போனதும் கேட்டாள்: "தெரிஞ்சுதானே துடைச்சீங்க?"

"விவரம் புரியாமப் பேசாதடி. கடை ஓடினாத்தான் உனக்கும்—"

முழுசாகக் கேட்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 12

வரவில்லை.

ஜூன் 15

போன் எடுக்கமாட்டேன் என்கிறாள். வாயை வைத்தே பிழைத்தவள் நான். அந்த ஒரு நிமிஷம் வாய்க்கு யார் பூட்டுப் போட்டது? வேறு யார், நானேதான்.

ஜூன் 19

வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலிலேயே மறித்தார்.

"போலீஸ்ல புகார் குடுக்கக் கிளம்பிட்டா. தடுக்க வந்தீங்களா?"

"கூடப் போக வந்தேன்."

குட்டி செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"அடையாளம்?" என்றார் ஸ்டேஷனில் எழுதுபவர்.

"சட்டையில கறை இருந்துது. அந்தக் கலவை எங்க கடையைத் தவிர எங்கேயும் கிடைக்காது" என்றேன்.

"இருந்துதுன்னா?"

"நான்தான் துடைச்சேன்."

பேனாவை நிறுத்தினார். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். அதையும் எழுதுங்க."

எழுதினார். "கேஸ் நிக்கிறது கஷ்டம்மா. பார்ப்போம்."

ஜூன் 24

தம்பியைக் கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிட்டார்கள். இப்போது எதிர்க்கடையில் டப்பா ஏற்றுகிறான். என்னைப் பார்த்து வணக்கம் வேறு.

ஜூலை 2

குட்டிக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. பஸ் மட்டும் அதே பஸ். எத்தனையோ வருஷம் கழித்து இன்று நானும் ஏறினேன். அவளுக்குப் பின்னால் போய் நின்றேன், அங்கே வேறு எவனும் நிற்கக் கூடாதென்று. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இறங்கிவிடுவாள்.

பஸ் குலுங்கி நின்றது. என் கை அவள் தோளில் பட்டுவிட்டது. திரும்பக்கூட இல்லை. முழங்கை பாய்ந்து வந்து என் விலாவில் இடித்தது.

அப்புறம்தான் பார்த்தாள். நான்தான் என்று தெரிந்தது. "வலிச்சுதா?" என்று கேட்கவில்லை. அதை எதிர்பார்த்து நானும் அங்கே நிற்கவில்லை.

அவள் இறங்கும்வரை அந்த இடத்தை விடவில்லை. விலா இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.