வெனிசில் அம்மாவின் திவசம்

மாசி 11, செவ்வாய். மிலான்.
தூறல். விறைக்கிற குளிர். விடிய சூரிச்சில் பஸ் ஏறியது. உள்ளே முழுக்கச் சுவிஸ் தமிழ்ச் சனம். சாரதியும் வழிகாட்டிப் பெண்ணும் மட்டும் இத்தாலிக்காரர். எல்லை தாண்ட முதலே மிக்சர் பைகள் திறந்தாயிற்று.

சூரிச்சில் இருக்கிற அண்ணர் வாங்கித் தந்த ஜக்கெற் கை நீளம். அளவு கேட்காமல் வாங்கியது. விமானச் சீட்டு, இந்தச் சுற்றுலா எல்லாம் அவர் செலவு. அதையும் கேட்காமல்தான் செய்தார்.

பஸ்சில் ஒலிவாங்கியைப் பிடித்து என்னை அறிமுகம் செய்தார். "இவர் என்ரை தம்பி. கிளிநொச்சியிலை கணக்கு வாத்தியார். வன்னியிலை கடைசி மட்டும் நிண்டவர்." எல்லாத் தலையும் திரும்பியது. ஒரு அம்மா எழும்பி வந்து வடை தந்தா. பாவம் பார்த்த வடை. தின்றேன்.

எங்கள் அம்மா எப்படிச் செத்தா என்று அண்ணர் இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை. சண்டை முடிந்தபின் ஒருமுறை ஊருக்கு வந்தார், கோயில் கும்பாபிஷேகத்துக்கு. எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மரக்கறி நல்லது என்றார், போனார். இந்தப் பயணத்தில் கேட்கிறாரா பார்ப்போம். அதற்காகத்தான் வந்தேன், மிலானுக்காக இல்லை.

அறையில் கூட இருப்பவர் தவம். பூநகரிக்காரர். லொசான் பக்கம் ஓர் உணவகத்தில் சமையல். படுக்கமுதல் அறிவித்தல்: "மாஸ்ரர், நான் குறட்டை விடுவன். முந்தியே சொல்லிப்போட்டன். பிறகு வேறை அறைக்கு அகதி விண்ணப்பம் போடக்கூடாது."
கனகாலத்துக்குப் பிறகு சிரித்தேன்.

மாசி 12, புதன். வெனிசுக்கு வெளியே ஒரு ஹோட்டல்.
காலை மிலான் பெரிய மாதா கோயில். வெளிச் சுவரெல்லாம் ஊசி ஊசியாய்க் கோபுரங்கள். கால் நோ. தைலம் முடியப்போகிறது. மனைவிக்குக் கண்ணாடி மணிமாலை வாங்க மறக்கக்கூடாது.

பின்னேரம் பஸ்சில் அண்ணி தொலைபேசியில் பஞ்சாங்கம் பார்த்தா. விரதம் ஏதோ பார்க்கப்போய், முகம் மாறி, அண்ணரின் காதில் சொன்னா. அம்மாவின் திதி நாளைக்கு. அண்ணர் போன வருடத் தேதியை மனதில் வைத்து, அடுத்த கிழமைதானே என்று சுற்றுலாவுக்குப் பதிந்துவிட்டார். மத்தியானம் கோழியும் சாப்பிட்டாயிற்று.

மனிதர் வாயைத் துடைத்தபடியே இருந்தார். துடைத்து என்ன. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. யார் இதைப் பார்க்கப்போகிறார்கள், எழுதுகிறேன்.

மாசி 13, வியாழன். வெனிஸ்.
பனிப்புகார். எதிர்க்கரை தெரியவில்லை.

விடிய எங்கள் அறையில் சோறு. தவத்தின் பையில் குட்டி ரைஸ் குக்கர். ஹோட்டலில் தடை. கூரையில் புகை எச்சரிக்கை மணிக்கு ஷொப்பிங் பை கட்டி, கதவிடுக்கில் துவாய் அடைத்து, களவுச் சமையல். எள்ளு இல்லை. அண்ணி காலைச் சாப்பாட்டு மேசையில் எள்ளுப் பாண் எடுத்துவந்து நகத்தால் ஒவ்வொன்றாய்க் கிள்ளி எடுத்தா. தர்ப்பை இல்லை. சூரிச் ஐயர் தொலைபேசி எடுக்கவில்லை. அண்ணர் தெரிந்த அளவில் தானே மந்திரம் சொல்லுவதென்று முடிவு.

மற்றவர்கள் படகுக்கு வரிசையில் நிற்க, நாங்கள் ஒரு சின்ன வாய்க்கால் படியில் இறங்கினோம். பாசி. வழிகாட்டிப் பெண் ஓடிவந்தா: தண்ணீரில் சாப்பாடு போட்டால் தண்டம். தவம் உணவகக் குசினியில் பழகின இத்தாலியனில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கியது "மம்மா" மட்டும். அவா அண்ணரைப் பார்த்தா. பிறகு சனத்தைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்கு மற்றப் பக்கம் போய்விட்டா.

அண்ணர் குந்தியிருந்தார். "நீயும் பிடி" என்றார். பிண்டத்தை இரண்டு பேருமாய்த் தண்ணீரில் விட்டோம். காகம் எங்கே. வெள்ளைக் கடற்பறவை ஒன்று தூக்கிக்கொண்டு போனது.

அப்போதுதான் கேட்டார். என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்து.
"அம்மா கடைசியிலை என்னைக் கேட்டவாவோ?"
"இல்லை" என்றேன். "நினைவில்லாமல் கிடந்தவா. ஆரையும் கேக்கேல்லை."
தலையை ஆட்டினார். தவம்தான் தூக்கிவிட்டார்.

இரவு. உண்மையை இங்கேயாவது எழுதவேண்டும். வன்னியில், உடையார்கட்டு என்ற ஊரில், தறப்பாள் கூடாரத்துக்குள் அம்மா கிடந்தா. சீனி வருத்தம், நீரிழிவுக்கு மருந்து இல்லை. நினைவு தெளிவு. வாயில் ஒரே பெயர்: சிவா. அண்ணரின் பெயர். தண்ணீர் பருக்கியது நான், மலசலம் எடுத்தது நான், புதைக்கக் கிடங்கு வெட்டியது நான். நான் குனியும்போதெல்லாம் "சிவா, வந்திட்டியோ" என்பா. "நான் ரகு, அம்மா" என்றால் என்னைத் தாண்டி வாசலைப் பார்ப்பா.

மாசி 14, வெள்ளி. புளோரன்ஸ்.
நல்ல வெயில். அண்ணர் பஸ்சை விட்டு இறங்கவில்லை. அண்ணி என்னிடம் வந்து, இரவு முழுக்க மனிசன் கட்டில் நுனியில் இருந்தவர், என்ன கதைத்தனீங்கள் என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன்.

சதுக்கத்தில் ஒரு பெரிய கற்சிலைக்குக் கீழே தவத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள் பழக்கம். ஏன் சொன்னேனோ. திட்டுவார் என்று நினைத்தேன். கோப்பி வாங்கித் தந்தார். இரவு பகிடி எதுவும் விடவில்லை. குறட்டையும் இல்லை. அவரும் முழித்துக்கொண்டுதான் கிடந்தார்.

மாசி 16, ஞாயிறு. உரோம்.
இடிந்த வட்ட அரங்கு. நீண்ட வரிசை. தவம் பழையபடி: "உடைஞ்ச சுவருக்கு ரிக்கெற். விசுவமடுவிலை எங்கடை மாமான்ரை வீட்டையும் திருத்தாமல் விட்டிருக்கலாம் மாஸ்ரர்."

அண்ணர் நிழலில் ஒரு கல்லில் தனியே. பக்கத்தில் போய் இருந்தேன். வாய் திறக்க முதல், "குளிருதே? ஜக்கெற் காணுமே?" என்று கேட்டார். காணும், போதும் என்றேன். சொல்லப்போன உண்மையை விட்டுவிட்டேன். இத்தனை வருடம் இவரை எதிலாவது குத்தவேண்டும் என்று திரிந்தவன். குத்தியாயிற்று. ஏன் இந்த மனிதர் இவ்வளவு கிழவராய்த் தெரிகிறார்.

சுற்றுலா முடிந்து தவம் பிரியும்போது கட்டிப்பிடித்தார். காதுக்குள்: "சொல்லிப்போடுங்கோ மாஸ்ரர்."

மாசி 24, திங்கள். கிளிநொச்சி.
வெயில். பள்ளிக்கூடம் போகவில்லை. மணிமாலை இவளுக்குப் பிடிக்கவில்லை, போட்டிருக்கிறாள்.

மத்தியானம் சூரிச்சுக்கு எடுத்தேன். சுகம் விசாரிக்க விடவில்லை.
"அண்ணை, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். அம்மா உங்கடை பேரைத்தான் சொன்னவா. கடைசி மட்டும். தண்ணி குடுத்த என்னையும் சிவா எண்டுதான் கூப்பிட்டவா."

தூரத்தில் அண்ணியின் குரல், என்னப்பா, என்னப்பா என்று. திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்ப உன்னைக் கூப்பிடேல்லையோடா?"
"இல்லை."
"ஒருக்காலும்?"

தொலைபேசியைக் காதிலிருந்து இறக்கினேன். இவள் குசினியிலிருந்து வந்து தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள்.