மீனுவின் பிறந்தநாளுக்கு வந்த பிரியாணி

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. மீனுவின் யூனிஃபார்ம் அடுக்களைக் கயிற்றில், அதற்கு நேர் கீழே மத்திக் குழம்பு. நாளை பள்ளியில் இவள் பக்கத்தில் யார் உட்காருவார்களோ.

ஞாயிறு இவளுக்கு ஏழு வயது. சூப்பர் ஹீரோ பர்த்டேதான் வேண்டுமாம். வகுப்பில் ஒரு பையன் வீட்டில் நடந்ததாம், கேக்கின் மேல் மின்னல் இருந்ததாம். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டிலேயே. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டால் முன்னறையில் பத்துப் பிள்ளைகள் கொள்ளும்.

"நீ எந்த ஹீரோடீ?"

"நான் ஊதினா ரோட்டுல நிக்கிற வெள்ளம் எல்லாம் காஞ்சு போகும்மா. பேரு இன்னும் வைக்கல. ஆலோசிக்கிறேன்."

எங்கள் மட்டாஞ்சேரிக்கு வேண்டிய ஹீரோதான். இன்று தெருவில் கடை வாசல்கள்வரை தண்ணீர். அதில் மிதந்தவற்றை எழுத மாட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

இவர் வேலை விட்டு வரும்போது கையில் பெரிய பை. முகமூடிகள், வாடகைக்கு எடுத்தவை. ரப்பர். பையைப் பிரித்ததுமே நாற்றம். பழைய செருப்பும் மென்று துப்பிய பபிள்கமும் சேர்ந்தது மாதிரி.

மீனு ஆசையாக ஒன்றை எடுத்து மாட்டினாள். மறு நொடி கழற்றி எறிந்தாள்.

"அய்யே! உள்ள என்னமோ ஒட்டுதும்மா!"

திருப்பிப் பார்த்தேன். வாய்ப் பக்கம் வெள்ளையாகக் காய்ந்த எச்சில். இன்னொன்றில் எண்ணெய் பிசுக்கோடு நீள முடி. மூன்றாவதைத் தொடவில்லை.

"துடைச்சா போச்சு," என்றார். "எத்தனை பிள்ளைங்க போட்டிருக்கும். யாராவது செத்தாங்களா?"

செல்வம் என்கிற இந்த மனிதருக்கு எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் அளவுகோல். யாராவது செத்தாங்களா. காலாவதியான இருமல் மருந்துக்கும் இதுதான், குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் கிடந்த சாம்பாருக்கும் இதுதான்.

சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். வாளி முழுக்கச் சிவப்புச் சாயம். ஒரு ஹீரோவுக்கு மூக்கு உரிந்துவிட்டது. பையில் கட்டி வாசலில் வைத்தாயிற்று. திருப்பிக் கொடுத்துவிட்டு அவரே பதில் சொல்லட்டும்.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டுப் புழுக்கம். சுவரெல்லாம் வியர்க்கிறது. தீப்பெட்டி நமுத்துப் போய்விட்டது.

நல்ல யோசனை ஒன்று, மீனுவுடையது. வருகிற பிள்ளைகள் அவரவர் முகமூடியை இங்கேயே செய்யட்டும். ஹீரோவும் அவரவர் சொந்த ஹீரோ. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச், எலாஸ்டிக். நான் வேலை பார்க்கும் ஃபேன்சி கடையிலேயே எல்லாம் கிடைக்கும்.

சாயங்காலம் சாந்தி மதினி போன். இவருடைய அக்கா, காக்கநாட்டில் ஃப்ளாட். போன மாதம்தான் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கும் பிசினஸ் தொடங்கியிருக்கிறார்.

"கமலா, சாப்பாடு என் பொறுப்பு. சிக்கன் பிரியாணி. மருமகளுக்கு என்னோட கிஃப்ட். நீ போட்டோ மட்டும் நல்லா எடுத்துக் குடு, என் பேஜ்ல போடணும்."

இட்லியும் தேங்காய்ச் சட்டினியும் போதும் மதினி, சின்னப் பிள்ளைங்கதானே என்றேன். சிரித்தார். "சூப்பர் ஹீரோ எங்கயாவது இட்லி திங்குமா?"

இவர் போனை வாங்கி, "அக்கா, நீ செய். இவ கிடக்கா," என்றார். பிறகு என்னைப் பார்த்து ஒரு இளிப்பு. "இந்த வீட்டுக்கு நீதான் சூப்பர் ஹீரோ கமலா. அப்படியே அந்தப் பரண்ல தூசி தட்டிரு."

இந்தப் பாராட்டை நான் வெறுக்கிறேன். இது எப்போதும் ஒரு விளக்குமாற்றோடுதான் வருகிறது.

ஜூன் 14, சனி

எங்கள் கடை இருக்கும் பிராட்வே சந்தையில் நசநச கூட்டம். கடை வேலையை முடித்து, சார்ட் பேப்பர் நனையாமல் படகில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பெரும்பாடு. பக்கத்தில் நின்றவர் குடையை என் மேல் மடக்கினார். 'சாரி சேச்சி' என்றுகூட இல்லை.

வேலைகள்:
பலூன் (மீனு ஏற்கெனவே நாலை உடைத்துவிட்டாள்)
பரண் தூசி, தட்டியாயிற்று
கக்கூஸுக்கு பினாயில், வாங்கியாயிற்று
கேக், நாளைக் காலை
மீனுவின் பழைய மழைக்கோட்டை வெட்டி ஹீரோவின் முதுகுத் துணி. மஞ்சள். நன்றாகவே வந்திருக்கிறது.

பேரும் முடிவாகிவிட்டது. 'ஊதாம்மை.' தமிழா மலையாளமா என்று கேட்டேன். "என்னோடது" என்றாள்.

மதினி மறுபடி போன். இன்று இரவே சமைத்துத் தம் போட்டு வைக்கிறாராம், நாளை அவசரப்பட வேண்டாமே என்று. நாளை மாலைதானே விருந்து, காலையில் செய்தால் போதாதா என்றேன். "எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் ஒரு கடுப்பு. விட்டுவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

கை இன்னும் பினாயில் மணக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கேக் வந்தது. இங்க் நீலம். அதைத் தின்ற வாயெல்லாம் பிறகு நீலம், பல், நாக்கு, சட்டைக் காலர். பார்க்கவே குமட்டல். போகட்டும், அது பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது.

நாலு மணிக்குப் பிள்ளைகள். தரை தெரியாமல் காகிதம். ஒரு ஹீரோ கரண்ட் போனால் விரலில் விளக்கு எரிப்பவன். இன்னொருத்தி கணக்கு டீச்சர் கண்ணுக்கு மட்டும் தெரியாதவள். மஞ்சள் கோட்டில் மீனு ஊதிக்கொண்டே ஓடினாள். இவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

அதற்கு முன்பே மதினி வந்துவிட்டார். டாக்ஸியின் டிக்கியில் இரண்டு பெரிய குண்டான். கண் சிவந்து, மணிக்கட்டில் சூடு பட்ட கொப்புளம். பாவமாகத்தான் இருந்தது. இரவெல்லாம் தூங்கவில்லையாம்.

"சூடு போகக் கூடாதுன்னு மூடியைத் திறக்கவே இல்ல கமலா."

கேக் வெட்டியதும் அடுக்களையில் மூடியைத் திறந்தேன். மசாலா வாசனை. அதற்கு அடியில் ஒரு புளித்த நெடி. கரண்டியை விட்டு அடிச் சோற்றை எடுத்தேன். சொதசொதவென்று, கரண்டியோடு நூலாக வந்தது.

"மதினி, இது ஊசிப்போச்சு."

"தயிர் சேர்த்திருக்கேன்ல. அந்தப் புளிப்பு."

"நூல் விடுது, பாருங்க."

"நெய்."

பக்கத்து வீட்டு சுலேகா இத்தா தட்டு எடுக்க வந்தார். குனிந்து ஒரு தரம் மோந்தார். "கமலே, இது வளிச்சு போயல்லோ. குட்டிகளுக்கு கொடுக்கல்லே," என்று மெதுவாகச் சொன்னார். கெட்டுப்போச்சு, பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று.

மதினியின் முகம் சுண்டிவிட்டது. இவர் உள்ளே வந்தார். என்னையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். ஒரு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு நின்றபடியே தின்ன ஆரம்பித்தார். வேகவேகமாக. மெல்லக்கூட இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. அக்கா ராவெல்லாம் நின்னு செஞ்சிருக்கு. நீ ஒரு சோத்துக்குப் போய் மானத்தை வாங்குற. அக்கா, நீ தட்டு போடு."

மதினி தட்டில் போடத் தொடங்கினார். இரண்டு தட்டு கதவுவரை போய்விட்டது. நான் முன்னால் நின்றேன். "கொடுக்காதீங்க மதினி. ஏழு வயசுப் பிள்ளைங்க." அவர் என்னைத் தோளால் ஒதுக்கினார். இவர் என் கையைப் பிடித்தார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. அந்தக் கை பட்டதும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

கையை உதறினேன். தட்டு இரண்டையும் பிடுங்கிக் குண்டானில் கவிழ்த்தேன். கக்கூஸ் மூலையில் இருந்த பினாயில் பாட்டிலை எடுத்து வந்து ஊற்றினேன். ஒரு குண்டானில் பாதி, மற்றதில் பாதி. பால் மாதிரி இறங்கியது.

அடுத்த அறையில் பிள்ளைகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மதினி அழுதார். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்து. "என் கை பட்டதைக் கக்கூஸ் மாதிரி ஆக்கிட்டல்ல." செருப்பைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார். இவர் குடையோடு பின்னால் ஓடினார்.

சுலேகா இத்தா தன் வீட்டிலிருந்து பழுத்த ஏத்தன் வாழைப்பழம், மைதா, முட்டை கொண்டுவந்தார். நான் பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி போட்டேன், அவர் முட்டை தோசை. பிள்ளைகள் அடுப்படிவரை வந்து சுடச்சுட வாங்கித் தின்றார்கள். கரண்ட் ஹீரோ ஆறு பழம்பொரி. பிரியாணி என்று ஒன்று வந்ததே யாருக்கும் தெரியாது.

எல்லோரும் போன பிறகு இவர் வந்தார். "நல்ல சோத்தைக் கொட்டினவ" என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அது நல்ல சோறாகவே இருந்திருந்தால்? ஒரு பிள்ளையும் தின்னவில்லை, இனி எதைக் காட்டி நிரூபிப்பேன். மதினியின் கொப்புளம்தான் கண்ணில் நிற்கிறது. பாட்டிலைத் தூக்காமல் குண்டானைத் தூக்கி வெளியே வைத்திருக்கலாமோ. இரண்டு பேர் தூக்க வேண்டிய குண்டான். தூக்க யார் வந்திருப்பார்கள்.

ஜூன் 16, திங்கள்

விடிவதற்கு முன்பே இவருக்குத் தொடங்கிவிட்டது. முதலில் வாந்தி. பிறகு இரண்டு வழியிலும். கக்கூஸ்வரை போக முடியவில்லை. படுக்கை, தரை, கதவு. வாந்தியில் முழுச் சோறு. மெல்லவே இல்லையே மனிதர்.

மீனுவை சுலேகா இத்தா வீட்டில் விட்டேன். கடைக்கு லீவு. மூக்கில் துணி கட்டிக்கொண்டு துடைத்தேன். மிச்சம் இருந்த பினாயில் போதவில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர், சின்னப் பெண், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

"மழையில நனைஞ்சேன் டாக்டர்," என்றார் இவர்.

நான் வாயைத் திறந்தேன்: "ஊசிப்போன சிக்கன் பிரியாணி, ஒரு தட்டு நிறைய." அவள் எழுதிக்கொண்டாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. அந்தக் கட்டிலில் கிடந்தது பத்துப் பிள்ளைகளில் ஒன்றாக இருந்திருந்தால் என்று நினைத்தேன். மீனுவின் மஞ்சள் கோட்டை நினைத்தேன். வெளியே வந்து வராந்தாவில் நானும் வாந்தி எடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

தூறல். நேற்று இரவே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று இவர் எழுந்து உட்கார்ந்தார். கஞ்சி இறங்குகிறது. கண் குழிவிழுந்து, பார்க்க இரக்கமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

"அந்தச் சோறுதான்," என்றார், கஞ்சியைப் பார்த்தபடி. "வாயில வெச்சதுமே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா தின்னீங்க?"

"அக்கா பார்த்துட்டு நின்னுதுல்ல."

தெரிந்தும் பிள்ளைகளுக்குத் தட்டு போடச் சொன்னாரே. அதைக் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. வேறு ஒன்று சொன்னேன்.

"மதினி பேஜ்ல பாத்தேன். வியாழக்கிழமை ஒரு ஆர்டராம். ஒரு வயசுக் குழந்தையோட பர்த்டே. அதே பிரியாணி. ராத்திரியே செஞ்சு மூடி வைப்பாங்க. போன் பண்ணிச் சொல்லுங்க."

"நான் எப்படிச் சொல்ல?"

"உங்களுக்கு வந்ததைச் சொல்லுங்க. போதும்."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், சுவரைப் பிடித்துப் பிடித்து. கதவைச் சாத்திக்கொண்டார். நான் அடுக்களையில் குண்டான்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், திருப்பிக் கொடுக்க வேண்டுமே. மூன்றாவது தரம் தேய்க்கிறேன், நெடி போகவில்லை.

மீனு ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா என்னடீ சொல்றாரு?"

"இங்க நல்ல மழைன்னு சொல்றாரு. அங்கயும் மழையான்னு கேக்குறாரு."

"அப்புறம்?"

காது கொடுத்துக் கேட்டாள். "நனைஞ்சதுல காய்ச்சலாம். வேற ஒண்ணும் இல்லையாம்."

கையைக் கழுவினேன். கதவைத் திறந்தேன். கையை நீட்டினேன். இவர் என் கையைப் பார்த்தார். போனை அதில் வைத்தார்.

"மதினி, கமலா பேசுறேன். போனை வெச்சிராதீங்க."