பதினேழரை அங்குலம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை வரும் போல் இருந்தது, வரவில்லை.

டெங்கு பார்க்கிறவர்கள் வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். பூச்சாடி, தண்ணீர்த் தொட்டி, கூரைப்பீலி எல்லாம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கடைசியாகப் பின்பக்கத் தகரக் கொட்டில். கார் மூடின படங்கைத் தூக்கினால் இவருடைய காருக்குள், கால் வைக்கிற இடத்தில், நாலு விரல் தண்ணீர். நுளம்புக் குடம்பி நெளிகிறது. அந்தப் பெண் டோர்ச் அடித்துக் காட்டினாள். வெட்கமாகப் போய்விட்டது. படங்கு கிழிந்தது எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் போனால்தானே.

வீட்டுக்கார ரஞ்சி அன்ரி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"மரியா, உன்ர மனிசன் போய்ச் சேர்ந்து பதினொரு மாசம் நான் வாய் திறக்கேல்ல. ஓடுற வாகனம் எண்டால் முன் முற்றத்தில நிக்கட்டும், ஒண்டும் சொல்லமாட்டன். ஓடாத சாமான் எண்டால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடு. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பன்."

கோபத்தில் சொல்லவில்லை. போகும்போது அரைச் சீப்பு வாழைப்பழமும் தந்தார்.

வாளியால் தண்ணீரை இறைத்து, பழைய துவாயால் துடைத்தேன். ஏழு வாளி.

டிலானி வேலை முடிந்து வெள்ளவத்தையிலிருந்து வந்ததும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "குடுத்து விடுங்கோ அம்மா. அப்பாவைத் திண்ட சாமான்" என்றாள். பிறகு குளிக்கப் போய் நெடுநேரம் வரவில்லை.

ஒக்டோபர் 8, புதன்

பின்னேரம் இடி, மழை. கரண்ட் போய் வந்தது.

கார் சீட்டுக்குப் பின்னால் இவருடைய கொப்பி. பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்ததால் நனையவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, மற்றவர்கள் கையெழுத்தை வாசிப்பது கஷ்டம். இவர் எழுத்து துறைமுக வேர்க்‌ஷொப் எழுத்து, பெரிது பெரிதாக இருக்கும். வாசிக்க முடிந்தது.

முதல் பக்கம்: "கிட் கார். வெளிநாட்டில் பெட்டியில் துண்டு துண்டாக விற்றது, வீட்டில் பூட்ட வேண்டும். உடல் பைபர். அடியும் எஞ்சினும் பழைய இப்பா." இப்பா என்றால் சிங்களத்தில் ஆமை. அந்த உருண்டைக் காரை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். கனடா போன ஒருவர் பாதியில் விட்டதை, லொறியில் போட்டுக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தார் இவர். அதற்கு நான் இரண்டு நாள் இவரோடு கதைக்கவில்லை.

கடைசிப் பக்கம்:
மிச்ச வேலை
இ. கதவு கீழ்ப்பாதி
கிளட்ச் கே.
பற்றரி
கார்ப். கழு.

அதற்குக் கீழே தனியாக, இரண்டு கோடு போட்டு: மெ. ஸ்டூ. – மிதி 17½. ஏதோ சாமானின் பெயராக்கும்.

நாலு வேலைதான். பழைய இரும்புக்காரனின் நம்பரைத் தேடி எடுத்தேன். ரிங் போனது, அவன் எடுக்கமுன் நானே வைத்துவிட்டேன்.

பாதிக் கொப்பி வெறுமையாக இருக்கிறது. அதனால் நேற்றையதையும் சேர்த்து இதிலேயே எழுதுகிறேன்.

ஒக்டோபர் 11, சனி

வெயில். தீபாவளிக்கு வெள்ளவத்தை ஆட்களின் ரவிக்கை ஒன்பது தைக்க வேண்டும். நாலு முடிந்தது.

சுனில் பாஸுக்குப் போன் பண்ணினேன், மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வந்தார். இவரோடு இருபது வருடம் ஒரே வேர்க்‌ஷொப். செத்த வீட்டில் மூன்று நாளும் வாசலில் கதிரை போட்டு இருந்தவர். கார் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார்.

எஞ்சினைக் காட்ட நான் முன் மூடியைத் திறந்தேன். உள்ளே பெற்றோல் தாங்கியும் ஒரு பழைய செருப்பும். சுனில் பாஸ் சிரித்தார். தங்கச்சி என்பதை எப்போதும் சிங்களத்தில்தான் சொல்வார்.

"நங்கி, இப்பாவுக்கு எஞ்சின் பின்னால."

இத்தனை வருடம் கொட்டிலுக்குப் பிளேன்டீ கொண்டுபோனேன், எஞ்சின் எந்தப் பக்கம் என்று பார்த்ததில்லை.

எஞ்சின் இறுகவில்லையாம், கையால் சுற்ற வருகிறது. கார்ப்பரேட்டர், கேபிள், பற்றரி தான் பார்ப்பதாகச் சொன்னார். கதவுக்கு அவருக்கு நேரமில்லை. பைபர் என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு சுருள் எடுத்துக் காட்டினார். வெள்ளையாக, கம்பளி போல. இதை வெட்டி, ரெசின் பூசி, அச்சில் ஒட்டி, காயவிட வேண்டும்.

துணிதானே, நான் செய்கிறேன் என்றேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

இவர் போன அன்றைக்கும் ஞாயிறு. "உங்கட காரோடயே இருங்கோ, கடவுள் தேவையில்லை உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். வரும்போது மீன் வைத்த மாலுபாண் வாங்கி வந்தேன். குசினியில் நின்றுகொண்டு மறுபடியும் ஏசினேன். காருக்கு அடியில் இரண்டு கால் தெரிந்தது, எப்போதும் போல. பதில் வரவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். பிளேன்டீ ஊற்றி, சீனி போட்டு, கலக்கி, அதற்குப் பிறகுதான் போனேன். கால் குளிர்ந்து கிடந்தது, மாரடைப்பு என்றார்கள்.

டிலானிக்கு இதில் பாதிதான் தெரியும். பாதருக்கும் பாதிதான்.

ஒக்டோபர் 15, புதன்

மழை இல்லை. ரெசின் காய நல்ல நாள்.

வலது கதவு முழுசாக இருக்கிறது. அதன் மேல் கடதாசி வைத்துக் கோடு இழுத்து, மறுபக்கம் திருப்பினால் இடது கதவின் கீழ்ப்பாதி. ரவிக்கைக்கு இடது முன்பக்கம் வலது முன்பக்கம் எடுப்பது போலத்தான். சுருளை வெட்டினேன். கத்தரிக்கோல் மொட்டையாகிப் போனது. பழைய கத்தரிக்கோல்தான்.

கைக்குத் தேங்காய் எண்ணெய், மூக்குக்கு மாஸ்க், ஒரு பழைய சட்டை. ரெசினுக்குக் கட்டியாக்குகிற மருந்து, அளவு சுனில் பாஸ் மூடியால் காட்டித் தந்தது. நாற்றம் தலைக்கு ஏறியது. ஆனாலும் அந்தத் துணி நனைந்து படிகிறபோது ஒரு சந்தோசம். நுனி மடியாமல், காற்றுக் குமிழ் இல்லாமல், விரலால் தடவித் தடவி. இவர் பெயிண்ட் பிரஸ்ஸை எப்போதும் நன்றாகக் கழுவித்தான் வைத்திருப்பார், மயிர் மயிராக நிற்கிறது, ஒன்றுகூட ஒட்டவில்லை.

சாப்பாட்டு நேரம் டிலானி போன் எடுத்தாள். என்ன செய்கிறீங்கள் என்றாள். தையல் என்றேன்.

ஒக்டோபர் 18, சனி

கை முழுக்க அரிப்பு. சுடுதண்ணீர் விட்டும் போகவில்லை.

கதவு கல்லு மாதிரி இறுகிவிட்டது. நல்ல வடிவு. சுனில் பாஸ் வந்து மெச்சினார். பிணைச்சலில் மாட்டினோம். மூடவில்லை. தள்ளினோம். மூடவில்லை. கீழே இடிக்கிறது, பக்கத்தில் இடிக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு கூட.

"எவ்வளவு கூட்டி வெட்டினது நங்கி?"

"அரை அங்குலம்."

"ஏன்?"

"தையலுக்கு விடுறதுதானே."

அவர் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு இருமும் வரை சிரித்தார். "அப்ப இதை மடிச்சுத் தையுங்க" என்றார். நானும் சிரித்தேன். சிரித்து எவ்வளவு நாள் என்று பிறகு யோசித்தேன்.

அரை அங்குலத்தையும் அராவ வேண்டும். அரம், உப்புத்தாள், கை. வேறு வழி இல்லை.

இன்னும் பதின்மூன்று நாள்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ரவிக்கை எல்லாம் நேற்றே போய்விட்டது. ஒன்றுக்கு மட்டும் கொக்கி மாறிப் போச்சு, தைக்கத் தந்தவர் கோபிக்கவில்லை, முறுக்கு அனுப்பினார்.

டிலானிக்கு லீவு. நான் கொட்டிலில் அராவிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை.

"கையைப் பாருங்கோ அம்மா. ரத்தம்."

"கீறல்தான்."

"ஓடாட்டி?"

"ஓடாட்டி இரும்புக்காரனுக்கு ஏத்துவம்."

"ஓடினா? ஆர் ஓட்டுறது? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

நான் மறுபடியும் அரத்தைப் பிடித்தேன். அவள் ஒரு முறுக்கை என் வாயில் வைத்துவிட்டுப் போனாள், கை தூசி என்பதால்.

ஒக்டோபர் 25, சனி

விடிய மழை, பத்து மணிக்கு வெளித்தது.

கதவு மூடுகிறது. டப் என்று. பதினைந்து தரம் மூடிப் பார்த்தேன். ரஞ்சி அன்ரி மேலிருந்து "ஆரடி அது கதவுல விளையாடுறது" என்றார்.

எஞ்சின் பின்னேரம் மூன்றரைக்கு. முதல் தரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் தரம் இருமல். ஐந்தாம் தரம் பிடித்தது. தகரமெல்லாம் அதிர்ந்தது. காகம் எல்லாம் எழும்பிப் போனது. சுனில் பாஸ் கண்ணைத் துடைத்தார், புகை என்றார்.

ஆனால் வெளியே எடுக்க முடியவில்லை. அவருக்குச் சீட்டில் இருக்க ஏலாது. முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டுகிறது. சீட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தால், தண்டவாளம் இல்லை, நேராக வெல்ட்.

"சேவியர் மடையன் இல்ல. ஆறடி மனிசன், தனக்கே இருக்க ஏலாத மாதிரி ஏன் வெல்ட் பண்ணினான்? நாளைக்கு கிரைண்டர் கொண்டு வாறன் நங்கி. வெட்டிப் பின்னால தள்ளுவம்."

சரி என்றேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, சுனில் பாஸ் வருமுன் கொட்டிலைக் கூட்டப் போனேன். சும்மா ஏறி இருந்தேன் அந்தச் சீட்டில். முதல் தரம்.

கால் தானாகப் போய் மிதியில் நின்றது. தேடவில்லை, எட்டவில்லை. முதுகு நேராக, முழங்கால் சரியான மடிப்பில். இந்த இருப்பு எனக்குத் தெரியும். முப்பது வருடமாக நான் இப்படித்தான் இருக்கிறேன்.

ஓடிப் போய் அங்குல நாடாவை எடுத்து வந்தேன். சீட் விளிம்பிலிருந்து மிதி, பதினேழரை. வீட்டுக்குள் போய்த் தையல் மெசின் ஸ்டூலிலிருந்து மிதிக்குப் பிடித்தேன். பதினேழரை.

மெ. ஸ்டூ. – மிதி.

ஒரு நாள் நான் தைத்துக்கொண்டிருக்க, இவர் என் காலடியில் நிலத்தில் இருந்து நாடாவால் அளந்தார். என்ன என்று கேட்டேன். "ஸ்டூல் ஆடுதா எண்டு பார்க்கிறன்" என்றார். நாடா இரண்டு நாள் காணாமல் போனது. அதற்கும் ஏசினேன்.

ஓட்ட வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை. ஒரே ஒரு நாள், வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, என் வயசு மனுசி ஒருத்தி காரைப் பின்னால் எடுத்துச் சந்துக்குள் விட்டார். ஒரு கையால். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸை விட்டுவிட்டோம். இவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுனில் பாஸ் கிரைண்டரோடு வந்தார். வெட்ட வேண்டாம் என்றேன். நாடாவைக் காட்டினேன். கிரைண்டரைப் பையில் திரும்பப் போட்டார்.

"அப்ப நீங்கதான் எடுக்க வேணும் நங்கி."

ஒக்டோபர் 29, புதன்

டிலானியிடம் மிச்சப் பாதியையும் சொன்னேன். மாலுபாண், பிளேன்டீ, நான் ஏசினது எல்லாம். அவள் கோப்பையைக் கழுவி வைத்தாள். பிறகு, "அண்டைக்கு என்னையும் பூசைக்குப் போகச் சொல்லி எழுப்பினவர் அப்பா. அம்மா கோபமாப் போறா, நீயாவது கூடப் போ எண்டு. நான் படுத்திட்டன். அறையிலதான் படுத்திருந்தன் அம்மா, பத்தடி தூரத்தில" என்றாள்.

அதனால்தான் கொட்டிலுக்குள் வராமல் இருந்திருக்கிறாள். என் மேல் கோபம் என்று நான் நினைத்தேன்.

இருவரும் பாண் சாப்பிட்டோம். பருப்பில் உப்புக் கூட.

ஒக்டோபர் 31, வெள்ளி

காலை மழை விட்டது. முற்றம் சறுக்கல். சுனில் பாஸ் அரை நாள் லீவு. டிலானியும் லீவு.

கொட்டில் வாசல் பலகையை எடுத்தோம். நான் ஏறினேன். இடது கால் கிளட்ச், வலது கால் அக்சிலேட்டர். சொல்லும்போது விளங்கியது. எஞ்சின் பிடித்ததும் என் இரண்டு காலும் மெசின் மிதிக்கிற மாதிரி மாறி மாறி ஆடத் தொடங்கிவிட்டது. கார் தவளை மாதிரி இரண்டு துள்ளுத் துள்ளி நின்றது.

சுனில் பாஸ் ஜன்னலில் குனிந்தார். "மிதிக்கிறது இல்ல நங்கி. வலது கால் கொஞ்சம் குடுங்க. இடது காலை விடுங்க, மெல்ல. தையல் முடியிற இடத்தில எப்படி விடுவீங்க? அப்படி."

அது எனக்குத் தெரியும்.

அப்போது இடது கதவு திறந்தது. டிலானி ஏறி இருந்தாள். கதவை இழுத்து மூடினாள், டப்.

மறுபடி சாவியைத் திருப்பி, இடது காலை மெல்ல விட்டேன். நகர்ந்தது. கொட்டில் தூண், தண்ணீர்த் தொட்டி, உடுப்புக் காயப்போடுகிற கயிறு எல்லாம் பின்னால் போனது. முன் முற்றத்து மதிலோரம் நிறுத்தினேன்.

"ஆர் எடுத்தது?" ரஞ்சி அன்ரி மாடியிலிருந்து.

"நான்தான் அன்ரி."

"லைசன் இருக்கா உனக்கு?"

"முற்றத்துக்கு என்னத்துக்கு அன்ரி."

"சரி சரி. என்ர பூச்சாடியை இடிச்சுப் போடாத."

சுனில் பாஸ் பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். இரண்டு கரண்டி சீனி.

டிலானி இறங்கவில்லை. "அப்பா ஒருக்காவும் இதில இருந்து பார்க்கேல்லையா?" என்றாள்.

"இருக்க ஏலாது. முழங்கால் முட்டும்."

கொட்டில் தூணிலிருந்து பின் சில்லு வரை நாடாவால் அளந்தேன். முப்பத்தோரு அடி. இவருடைய மிச்ச வேலைக்குக் கீழே எழுதிவிட்டேன்.

நாளை மறுநாள் ஆத்துமாக்கள் திருநாள். சேமக்காலையில் இவருடைய கல்லறைக்குப் பூ, மெழுகுதிரி வாங்க வேண்டும். பஸ்ஸில்தான்.

தூறுகிறது. சில்லுக்குக் கல் வைக்க மறந்துவிட்டேன். போய் வைத்துவிட்டு வருகிறேன்.