நாலு தடவை ஓட்டிவிட்டேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், பக்கத்து அறையில் தம்பி இருக்கிறான், அதனால் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

அவன் கிட்னியிலிருந்து எடுத்த துணுக்கில் சாதாரண மைக்ராஸ்கோப்புக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்று டாக்டர் எங்கள் லேபுக்கே அனுப்பினார். வடிகட்டும் இழைகள் மழுங்கிவிட்டனவா என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று சொல்ல முடியுமாம். உனக்குத் தெரியாததா, உங்கள் கம்பெனியில் ஊசிமுனையில் நீங்கள் ஒட்டி அனுப்புகிற, தூசியளவே இருந்து ஒளிவிடும் அந்த ஒளிமணியைச் சதைமேல் உரசாமல் வரிவரியாக ஓட்டினால்தான் அவ்வளவு நுணுக்கம் தெரியும். எரிய எரிய அது மங்கும், ஒரு தடவை ஓட்டியதும் அணைத்துவிட வேண்டும். பதினெட்டு வருஷமாய் லேப் பிள்ளைகளிடம் இதையே கத்திக் கத்தி எனக்குக் கஞ்ச மகாராணி என்று பட்டப்பெயர். அந்த மகாராணிதான் ஒரே ஓரத்தை நாலு தடவை ஓட்டினேன். ஊரார் பிள்ளையின் சதை என்றால் ஒரே தடவையில் அணைத்திருப்பேன். இழைகள் மழுங்கினாற்போல் தெரிந்ததும் என் கண்ணில்தான் கோளாறு என்று மறுபடி மறுபடி பார்த்தேன், நாலாவதில் பாதியிலேயே மணி அணைந்து திரை கறுத்துவிட்டது. கையிருப்பில் அது ஒன்றுதான் இருந்தது. துணுக்கின் நடுப்பகுதியைப் பார்க்கவே இல்லை, ஓரத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

லேப் தலைவரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும், "விடுங்கம்மா, ஆர்டர் போடலாம், மூணு மாசத்துல வந்துடும்" என்கிறார். டாக்டர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பார், பிறகு கடும் மருந்தை ஆரம்பித்துவிடுவார், அது தேவையில்லாமல் உள்ளே போனால் நன்றாக இருக்கிற பாகமும் கெடும் என்று அவரே சொல்கிறார். சோதனையில் நீங்கள் கழித்துப்போட்ட முனை ஒன்றாவது உன் மேஜையில் கிடக்காதா? மங்கலாக எரிந்தாலும் போதும். உன் மேலதிகாரி காலில் விழ வேண்டுமென்றால் நான் வந்து விழுகிறேன், விதிமுறை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே, எனக்கு இப்போது அதைக் கேட்கத் தெம்பில்லை.

கறுப்புத் தாளில் சுற்றி அனுப்பு, எரிகிறதா என்று நீயும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதே. வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். தம்பியிடம் வாய்விட்டுவிடாதே. அன்று நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே, "என்னோடத பாத்தியாம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்டான். அழகா இருக்குடா என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீடு முழுக்க விசில் அடித்துக்கொண்டு திரிகிறான்.

உன் பதிலுக்குப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
அம்மா