உனக்கு வைக்கும் முதல் தம்ளர்

என் தங்கமான அம்மாவுக்கு,

நீ போன பிறகு சண்டை போட ஆள் இல்லாமல் அப்பா என்னோடுதான் போடுகிறார். அதனால் கவலைப்படாதே, வாய் நன்றாகவே இருக்கிறது. கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

சுங்கை சிப்புட்டில் நம் வீட்டுக் குளியலறை வாசலில் ஒரு நாள் விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு தப்பியது. ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பிசியோ பார்க்கும் பெண் நம் தமிழ்ப் பிள்ளைதான், பீடோர் ஊர்க்காரி. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, "அங்கிள், கைய ஊனாம எந்திரிங்க பாப்போம்" என்றாள்.

அப்பா முன்னால் சாய்ந்தார், பல்லைக் கடித்தார். எழ முடியவில்லை, அம்மா. ரப்பர் மரத்தில் வடித்த கித்தாப்பாலை இரண்டு வாளி, தோளில் காண்டாக் கம்பு வைத்துத் தூக்கிக்கொண்டு மேடேறிய மனிதர். இப்போது கால்சட்டைக்குள் காற்றுதான் இருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தச கரைஞ்சிகிட்டே போவுது அங்கிள். பால் குடிக்கிறீங்களா?"

"பாலா? காலையில இருந்து அதான்லா குடிக்கிறேன்" என்றார் அப்பா பெருமையாக.

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சொன்னது டின் பால் ஊற்றிய தேத்தண்ணி. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அதுல சீனியும் எண்ணெயுந்தான் கூட. ஒங்களுக்கு வேண்டியது புரதம். பசும்பால், தயிரு, முட்ட, பருப்பு, ஒவ்வொரு வேளையும் கொஞ்சங் கொஞ்சமா சேத்துக்குங்க. அதோட ஒக்காந்து எந்திரிச்சுப் பழகணும். வேல குடுத்தாத்தான் தச நிக்கும்" என்றாள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் இதையும் சொன்னாள்.

அப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தோட்டத்தில் மாடு வைத்திருந்த எல்லா வீட்டுக் கதையும் இதுதானே. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இரண்டு மாடு கட்டியிருந்தாய். கறந்த பாலைத் துரை பங்களாவுக்கும் கோப்பிக்கடைக்கும் ஊற்றிவிட்டு, நாம் டின் பாலைக் கரைத்துக் குடித்தோம். என்றைக்காவது கொஞ்சம் மிஞ்சினால் அப்பாவுக்கும் எனக்கும் கொடுத்துவிடுவாய். அப்புறம் சட்டியில் தண்ணீர் ஊற்றி அலசி, அந்த வெள்ளைத் தண்ணீரை நீ குடிப்பாய். அதில் என்ன ருசி இருந்திருக்கும் அம்மா?

மோட்டாரில் வரும் பால்காரரிடம் பால் வாங்க ஆரம்பித்தேன். அப்பா தொடவில்லை. "பாலு விக்கிறதுக்குலா, குடிக்கிறதுக்கா? நான் என்ன கைப்புள்ளையா?" என்றார். பால் மாவைக் கஞ்சியில் கலந்து பார்த்தேன். ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவிட்டார். உன் புருஷனை இத்தனை வருஷம் எப்படித்தான் சமாளித்தாயோ!

இதற்கிடையில் உன் வருஷ திதி வந்துகொண்டிருந்தது. ஆண் பிள்ளை இல்லாத வீடு, அவர்தான் செய்ய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம் என்று ஐயர் சொன்னதற்கு எகிறிவிட்டார். "நாக்காலியில கால ஆட்டிகிட்டு அவளுக்குப் பிண்டம் வெக்கவா? தரையிலதான் ஒக்காருவேன்." "யாருப்பா தூக்குறது?" என்றேன். "நானே எந்திரிப்பேன்" என்றார். வீம்பு மட்டும் இருந்தால் தொடைக்குப் போதுமா?

ஒரு வெள்ளிக்கிழமை உன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, வாங்கிய பால் வீணாகிறதே என்று ஒரு தம்ளர் உன் முன்னால் வைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் தம்ளர் காலி. "ஆறிப் போச்சு. படைச்சத கொட்டக் கூடாதுன்னு குடிச்சேன்" என்றார் அப்பா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

விடுவேனா? மறுநாளும் வைத்தேன். அதற்கும் மறுநாள் வைத்தேன். முழுத் தம்ளருக்கு அப்பா வயிறு கடமுடா என்றது. அதனால் காலையில் அரைத் தம்ளர் பால், மத்தியானம் தயிர் என்று உனக்குப் படையலை மாற்றினேன். திடீரென்று தயிர் கேட்கும் தெய்வமாகிவிட்டாய் நீ. உன் படத்துக்கு நேரே நாற்காலியைப் போட்டு, உன்னைப் பார்த்துக்கொண்டே அப்பா எழுந்து எழுந்து உட்காருவார். முதலில் மேசையைப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டுவிட்டு. நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

ஒரு நாள் காலையில் தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"இத நீ எனக்குத்தான் வெக்கிறேன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

உன் படத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உசுரோட இருந்தப்ப சட்டி அலசுன தண்ணியத்தான் குடிச்சா. ஒரு நாளாச்சும் ஒனக்கு இருக்கா புள்ளேன்னு நான் கேட்டதில்ல. இப்பவாச்சும் அவ மொதல்ல குடிக்கட்டும். மிச்சத்த நான் குடிக்கிறேன்."

அடுப்படிக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன்.

போன வாரம் உன் திதி. தரையில் பலகை போட்டு உட்கார்ந்தார். ஐயர் சொன்னதையெல்லாம் செய்தார், தனம் என்று உன் பெயரை மட்டும் ஐயர் கேட்கும் முன்பே சொன்னார். முடிந்ததும் நான் கையை நீட்டினேன். "தள்ளும்மா" என்றார். ஒரு முட்டியை ஊன்றினார், ஒரு கையைத் தொடையில் வைத்தார். அந்தத் தொடை நடுங்கியதைப் பார்த்தேன். நீட்டிய கையை மடக்காமல் நின்றேன். எழுந்துவிட்டார், அம்மா. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல, "தனத்துக்குப் பால் வெச்சியா?" என்று கேட்டார்.

வைத்திருந்தேன். இனியும் வைப்பேன். இந்த வீட்டில் பால் பொங்கினால் முதல் தம்ளர் உனக்குத்தான், வேறு யாருக்கும் கிடையாது. நிதானமாகக் குடி. வழக்கம்போல எங்களுக்காக விட்டுக்கொடுத்துவிடாதே, வயிறாரக் குடி.

கொஞ்சம் மட்டும் மிச்சம் வை. அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

உன் ஒரே மகள்,
செல்வி